கொடுப்பவர் கேட்பதும் படுத்திருப்பவர் கேட்பதும்



2000ஆம் ஆண்டு ஜனவரி 30. அமெரிக்காவே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும் சூப்பர் பவுல் நாள். ஆட்டத்துக்கு நடுவே நுவீன் என்ற நிதி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. எதிர்காலத்தில் நடக்கும் ஒரு விருது விழாவைக் காட்டினார்கள். ஒருவர் நாற்காலியிலிருந்து எழுகிறார், மேடையில் தடுமாறித் தடுமாறி நடக்கிறார். அவர் கிறிஸ்டோபர் ரீவ். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல், மூச்சுக்கும் இயந்திரத்தை நம்பியிருந்த நடிகர். கணினியில் உருவாக்கிய காட்சிதான் அது. ஆனால் பார்த்தவர்களில் சிலர் உண்மை என்றே நம்பினார்கள். அந்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்டு, தண்டுவடம் அடிபட்டவர்களிடமிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன.

அந்த விளம்பரத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் சார்லஸ் கிராத்தாமர். பெரிய பத்திரிகையாளர். மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோது நீச்சல் குளத்தில் குதித்து, கழுத்தில் அடிபட்டு, வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருந்தவர். புதிதாக அடிபட்ட ஓர் இளைஞன் இந்தப் படத்தை நம்பினால், நாற்காலியோடு வாழக் கற்றுக்கொள்ள மாட்டான், படிப்பையும் வேலையையும் தள்ளிப்போடுவான் என்பது அவருடைய கவலை. ரீவோ, நடக்கக்கூடிய ஒன்றைத்தான் காட்டினோம், கண்முன் காட்டாவிட்டால் யாரும் அதற்காக உழைக்க மாட்டார்கள் என்று வாதிட்டார்.

இருவரும் ஒரே காயத்தை உடம்பில் சுமந்தவர்கள். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. அந்தப் படம் பணத்தைக் கொண்டுவந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தப் படத்தைக் காட்டிப் பணம் திரட்டுகிறோமோ, அந்தப் படமே அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்றும் முடிவு செய்துவிடுகிறது. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

ரீவை நம்மில் பலர் 1978இல் வந்த 'சூப்பர்மேன்' படத்தில் பார்த்திருப்போம். 1995 மே 27 அன்று வர்ஜீனியா மாநிலத்தில் குதிரையேற்றத் தடை தாண்டும் போட்டியில் அவருடைய குதிரை தடைக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டது. அவர் தலைகுப்புற விழுந்தார். கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் நொறுங்கின. பிறகு அவர் சேர்ந்து உழைத்தது, அமெரிக்கப் பக்கவாத சங்கம் என்று 1982 முதலே இயங்கிவந்த ஓர் அமைப்பில். தண்டுவடம் அடிபட்டவர்களின் குடும்பங்கள் கட்டி எழுப்பிய சங்கம் அது. 1999இல் அது அவர் பெயரில் இயங்கிய அறக்கட்டளையோடு இணைந்தது. அவருடைய மனைவி டேனாவும் 2006இல் இறந்த பிறகு, இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

இந்தத் துறையின் அறக்கட்டளைகளைப் பார்த்தால் ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படும். பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு தகப்பனார் இருப்பார், அல்லது அடிபட்டவரே இருப்பார். 1985இல் மார்க் புவோனிகாண்டி என்ற கல்லூரி மாணவர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் கழுத்து உடைந்து விழுந்தார். அவருடைய தந்தை நிக், மியாமி அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். நரம்பியல் அறுவை மருத்துவர் பார்த் கிரீனோடு சேர்ந்து 'மியாமி புராஜெக்ட்' ஆய்வு மையத்தைத் தொடங்கினார். 2003இல் ஆஸ்திரியாவின் மோட்டோகிராஸ் உலக சாம்பியன் ஹைன்ஸ் கினிகாட்னரின் மகன் விபத்தில் முடங்கினார். அடுத்த ஆண்டே ரெட் புல் நிறுவனத்தின் டீட்ரிச் மாடெஷிட்ஸோடு சேர்ந்து 'விங்ஸ் ஃபார் லைஃப்' பிறந்தது. 2014 முதல் ஆண்டுதோறும் உலகம் முழுக்க ஒரே நொடியில் தொடங்கும் ஓட்டம் ஒன்றை அவர்கள் நடத்துகிறார்கள். அரை மணி நேரம் கழித்து ஒரு கார் பின்னால் புறப்படும். அது உங்களைத் தாண்டிப் போனால் உங்கள் ஓட்டம் முடிந்தது. சக்கர நாற்காலியில் வருகிறவரும் அதே காருக்கு முன்னால்தான் போகிறார். நுழைவுக் கட்டணம் முழுவதும் ஆய்வுக்கே போகிறது. கனடாவின் ரிக் ஹான்சன் 1985 முதல் 1987 வரை தன் கைகளாலேயே சக்கரத்தைத் தள்ளி 34 நாடுகள், 40,000 கிலோமீட்டர் சுற்றி வந்து 2 கோடியே 60 லட்சம் கனடிய டாலர் திரட்டினார்.

அரசாங்கங்களிடம் இதைவிடப் பெரிய பணம் இருக்கிறதே, ஏன் இவர்கள் இப்படி அலைய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஓர் இளம் ஆய்வாளர் யாரும் சோதிக்காத யோசனையோடு அரசு நிதிக் குழுவின் முன் போய் நின்றால், முதற்கட்ட முடிவுகளைக் காட்டுங்கள் என்பார்கள். அந்த முதற்கட்ட முடிவைப் பெறத்தான் அவருக்குப் பணமே வேண்டும். மருந்து நிறுவனத்திடம் போனால், நோயாளிகள் எத்தனை பேர், லாபம் எப்போது என்பார்கள். இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவில் எத்தனையோ நல்ல யோசனைகள் செத்திருக்கின்றன. அந்த இடைவெளியில்தான் கொடைப் பணத்துக்கு வேலை. தோற்றாலும் பரவாயில்லை, செய்து பாருங்கள் என்று சொல்லக்கூடிய பணம் அது ஒன்றுதான்.

லண்டனில் டேவிட் நிக்கோல்ஸ் என்று ஒரு சமையல் நிபுணர். பெரிய ஓட்டல்களின் சமையலறைகளை நடத்தியவர். 2003இல் அவருடைய 18 வயது மகன் ஆஸ்திரேலியாவின் பாண்டை கடற்கரையில் அலைக்குள் பாய்ந்தபோது மணல்திட்டில் மோதிக் கழுத்தை உடைத்துக்கொண்டார். நிக்கோல்ஸ் அறக்கட்டளை தொடங்கி, பேராசிரியர் ஜெஃப்ரி ரெய்ஸ்மனுக்குத் துணை நின்றார். ரெய்ஸ்மன் பல பத்தாண்டுகளாக ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருந்தவர். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நரம்பிழைகள் மீண்டும் வளர்வதில்லை. ஆனால் மூக்கில் வாசனை உணரும் நரம்புகள் மட்டும் வாழ்நாள் முழுக்கச் செத்துச் செத்துப் புதிதாக முளைத்து மூளைக்குள் நுழைகின்றன. அவற்றுக்கு வழி திறந்துவிடும் உறைசெல்களை எடுத்துத் தண்டுவடத்தில் வைத்தால் என்ன?

எலிகளில் பல ஆண்டு வேலை நடந்தது. பிறகு போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் பாவெல் தபாகோவ் என்ற அறுவை மருத்துவர் 2012இல் அதை ஒரு மனிதரிடம் செய்தார். டாரெக் ஃபிடிகா கத்திக்குத்தில் தண்டுவடம் அறுந்தவர். எலும்பு முறிவால் நசுங்காமல், கத்தியால் வெட்டுப்பட்ட தண்டுவடம் என்பதால் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான். அவருடைய மூளையின் அடியிலிருந்து வாசனை முகிழ் ஒன்றை எடுத்து, அதிலிருந்து செல்களை வளர்த்து, காயத்தின் மேலும் கீழும் நுண்ணிய ஊசிகளால் ஏறக்குறைய நூறு இடங்களில் செலுத்தினார்கள். கணுக்காலிலிருந்து நரம்புக் கீற்றுகளை எடுத்து இடைவெளியில் பாலம் போட்டார்கள். 2014இல் முடிவுகள் வெளியாயின. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, கால்களுக்குத் தாங்கு கட்டுகளோடு, அவரால் சில அடிகள் நடக்க முடிந்தது.

செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. மற்ற விஞ்ஞானிகள் தயங்கினார்கள், தயங்கியது சரி. ஒரே ஒரு மனிதர், நாள்தோறும் பல மணி நேரக் கடும் பயிற்சி. எது செல்லின் வேலை, எது பயிற்சியின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரெய்ஸ்மன் 2017இல் காலமானார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. இந்த முறைக்குக் காப்புரிமை ஏதும் வந்தால் அதை அறக்கட்டளையே வாங்கி எல்லோருக்கும் திறந்துவிடும், யாரும் இதில் லாபம் பார்க்கப் போவதில்லை என்று அவர்கள் முன்கூட்டியே அறிவித்தார்கள். கொடையால் நடக்கும் ஆய்வுக்குத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

வியாபாரப் பணம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. கலிபோர்னியாவின் ஜெரான் நிறுவனம் 2010 அக்டோபரில் கருமூலச் செல்களிலிருந்து உருவாக்கிய செல்களை உலகிலேயே முதல்முறையாகத் தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்குச் செலுத்தியது. அடுத்த ஆண்டு நவம்பரில், நாலைந்து பேருக்குச் செலுத்திய நிலையில், ஆய்வை நிறுத்திவிட்டது. பாதுகாப்பில் குறை எதுவும் இல்லை. பணத்தைப் புற்றுநோய் மருந்துகளில் போட முடிவு செய்ததுதான் காரணம். அந்த ஆய்வை மீட்டது பொதுப்பணம். கலிபோர்னியா மக்கள் 2004இல் வாக்களித்து உருவாக்கிய ஸ்டெம் செல் நிதியத்திலிருந்து 2014இல் 1 கோடியே 43 லட்சம் டாலர் தந்து மறுபடியும் தொடங்க வைத்தார்கள். அந்த வாக்கெடுப்புக்கு ஆதரவு கேட்டு விளம்பரத்தில் நடித்துக் கொடுத்தவர்களில் ரீவும் ஒருவர். வாக்கு நடந்த நாளில் அவர் உயிரோடு இல்லை.

பொறுமை பற்றியும் சொல்ல வேண்டும். சூரிச்சில் மார்ட்டின் ஷ்வாப், தண்டுவடத்தில் நரம்பிழைகளை வளரவிடாமல் தடுக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1980களின் கடைசியிலேயே காட்டினார். அந்தப் புரதத்துக்கு நோகோ என்று பெயர். அதை அடக்கும் மருந்தைக் கழுத்தில் அடிபட்டவர்களிடம் முறையாகச் சோதித்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2024 டிசம்பரில்தான் வந்தது. விங்ஸ் ஃபார் லைஃப் அதற்கு நிதி தந்தவர்களில் ஒன்று. முதன்மையாக எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. காயம் முழுமையாக இல்லாதவர்களிடம் கொஞ்சம் நம்பிக்கைக் குறி தெரிந்தது, அவ்வளவுதான். முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தால் இப்படியும் ஒரு விடை வரலாம். அந்த விடையையும் ஒளிக்காமல் அச்சிட்டார்கள். அடுத்தவர் அதே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

இனி, படுத்திருப்பவர் என்ன கேட்கிறார்?

கிம் ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி கலிபோர்னியாவின் ரீவ்-இர்வைன் ஆய்வு மையத்தில் இருந்தபோது இதை நேரடியாகவே கேட்டார். அவரும் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறவர். எது திரும்பி வந்தால் உங்கள் வாழ்க்கை அதிகம் மாறும் என்பது கேள்வி. 681 பேர் பதில் சொன்னார்கள். 2004இல் வெளிவந்த அந்தக் கட்டுரையைத் தண்டுவட ஆய்வுக்குப் பணம் தரும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் கேட்டது கை. இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது தாம்பத்திய வாழ்க்கை. இரு சாராரும் உயரத்தில் வைத்தது சிறுநீர்ப்பையும் மலக்குடலும். நடை இரு சாராரிடமும் முதல் இடத்தில் இல்லை.

மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. கழுத்தில் அடிபட்ட ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர்க் குழாய் மடங்கிவிட்டது என்று வையுங்கள். பை நிறைவது அவருக்குத் தெரியாது. திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும். முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை கொட்டும். ரத்த அழுத்தம் 200ஐத் தாண்டலாம். பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ தெரிந்திருந்தால், உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கிய உடுப்பைத் தளர்த்தி, குழாயை நீவி விடுவார்கள். சில நிமிடத்தில் சரியாகிவிடும். தெரியாவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பது, கண்ணாடி வைத்து முதுகைப் பார்ப்பது, நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் விடுவது என்றே இந்த வீடுகளில் நாள் கழிகிறது. கால் நடப்பதற்கு முன் இதெல்லாம் இருக்கிறது.

ரீவ் 2004 அக்டோபர் 10 அன்று இறந்தார். வயது 52. படுக்கைப்புண்ணில் ஏற்பட்ட தொற்றுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது இதயம் நின்றது, நினைவு திரும்பவே இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த கவனிப்பு கிடைத்த மனிதருக்கே அந்த நிலை. ஐம்பது வயதுக்குள் நடப்பேன் என்று சொன்னவர் அவர். அந்தக் கனவை நான் குறைத்துப் பேசவில்லை. படுக்கைப்புண் ஏன் ஆறுவதில்லை என்ற ஆய்வுக்கும் அதே ஆர்வத்தோடு பணம் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

நல்லவேளையாக, நல்ல ஆய்வு நாம் கேட்காததையும் கொண்டுவந்து தரும். ராப் சம்மர்ஸ் 2006இல் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் இருந்தார். தேசியக் கோப்பையை வென்ற அடுத்த மாதமே, தன் காரருகே நின்றிருந்தவரை வேறொரு கார் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. மார்புக்குக் கீழே அசைவில்லை. லூயிவில் பல்கலைக்கழகத்தில் சூசன் ஹார்கெமா குழுவினர் அவரைக் கச்சையில் தொங்கவிட்டு, நடைப்பட்டையின் மேல் கால்களைப் பிடித்து நகர்த்தி, 26 மாதங்கள் பயிற்சி கொடுத்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. 2009 டிசம்பரில் முதுகுவலிக்கு வைக்கும் சாதாரணக் கருவி ஒன்றை, 16 மின்முனைகளோடு, தண்டுவடத்தின் உறைமேல் பதித்தார்கள். மின்சாரத்தை இயக்கிய சில நாளிலேயே தன் எடையைத் தானே தாங்கி நின்றார். அதைவிடப் பெரிய செய்தி சில மாதம் கழித்து வந்தது. கருவி ஓடும்போது, நினைத்தபோது கால் கட்டைவிரலை அசைத்தார். முழுவதும் அறுந்தது என்று கருதிய பாதையில் உறங்கிக்கிடந்த இழைகள் மிச்சம் இருந்தன. சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடும், வியர்க்கும் தன்மையும் ஓரளவு திரும்பின. 2011இல் லான்செட் இதழில் வெளிவந்த அந்த ஆய்வுக்குப் பணம் தந்தவர்கள் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வு நிறுவனமும் ரீவ் அறக்கட்டளையும்.

அந்தப் பாதையில் தொடர்ந்து சென்றவர்கள் கையை வந்தடைந்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் கிரிகோவார் கூர்த்தீன் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த ஒரு நிறுவனம், அறுவை இல்லாமல் கழுத்தின் தோல்மேல் ஒட்டும் மின்முனைகளால் தூண்டும் கருவியைச் செய்தது. பயிற்சியோடு சேர்த்து 60 பேரிடம் சோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கையின் வலுவும் பிடிமானமும் கூடின. அடிபட்டு 34 ஆண்டு ஆனவர்கூட அதில் இருந்தார். 2024 டிசம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஒரு கையால் டம்ளரைப் பிடித்துத் தானே தண்ணீர் குடிப்பவரின் முகத்தைப் பார்த்தவர்கள் அதைச் சின்ன முன்னேற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். உலகில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மிடம் சாலை விபத்தோடு இன்னொரு காரணமும் உண்டு: தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும், கட்டடச் சாரத்திலிருந்தும் விழுகிறவர்கள். பெரும்பாலும் உழைக்கிற வயதில் உள்ள ஆண்கள், குடும்பத்தில் சம்பாதிக்கிற ஒரே ஆள். அவர்களுக்கு நம் மண்ணிலேயே வழி காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

அந்த மரபுள்ள இதே மாநிலத்தில், வயலை விற்று, நகையை அடகு வைத்து, ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்களையும் பார்க்கிறேன். தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே தரக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017லேயே தெளிவாக எழுதியிருக்கிறது. ஆய்வில் சேர்கிறவரிடம் காசு வாங்கவும் கூடாது. உங்களிடம் யாராவது கட்டணம் கேட்டால், அங்கே நடப்பது ஆய்வு இல்லை. தயவுசெய்து இதை உங்கள் தெருவில் சொல்லுங்கள். நடை என்ற ஒரே படத்தைக் காட்டும்வரை இந்த வியாபாரம் செழிக்கும்.

கொடுக்க மனமுள்ளவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் அமைக்கும் நிதிக் குழுவில் மருத்துவருக்குச் சமமான வாக்குரிமையோடு, தண்டுவடக் காயம் உள்ளவர்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும். அவர்கள் எந்தக் கேள்விக்குப் பணம் கேட்பார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிய வேண்டிய சிறுநீர்க் குழாயை நம் வீடுகளில் கழுவி, காயவைத்து, நாள்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். தினம் நாலைந்து புதுக் குழாய் வாங்க வசதி இல்லை. நம் ஊர்த் தண்ணீரில், நம் வெயிலில், எப்படிக் கழுவினால் தொற்று வராது, எத்தனை நாள் வரை பயன்படுத்தலாம் என்று சில நூறு வீடுகளில் ஓராண்டு முறையாகப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்வு ஒன்று வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீடு வீடாகப் போகிற செவிலியர்கள் சிலரும், சிறுநீர்ப் பரிசோதனைக்கான செலவும், கிடைத்த விடை எதுவானாலும் வெளியிடுவோம் என்ற எழுத்துபூர்வமான உறுதியும் போதும். இந்த ஆய்வை எந்த நிறுவனமும் செய்யப்போவதில்லை. நீங்கள் பணம் கொடுத்தால் இந்த ஆண்டே தொடங்கலாம்.